கீட்டோ உயரத்தில் ஒரு வீடு

2006ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், ஒஸ்லோவின் குரோருட் பகுதியில், அருட்செல்வம் குடும்பத்தின் மூன்றாம் மாடி வீடு, இருந்த இடத்தை விட்டு அசையாமலே, கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரத்து எண்ணூற்றைம்பது மீற்றர் உயரத்துக்குப் போய்விட்டது. வெளியே நின்று பார்த்தால் அது பழையபடி இரண்டாம் மாடிக்கு மேலும் நாலாம் மாடிக்குக் கீழும்தான் இருந்தது. வாசலைத் தாண்டி உள்ளே கால் வைத்தால் மட்டும் காது அடைத்தது. முதலில் அதைக் காட்டிக்கொடுத்தது சோறு. அருட்செல்வத்தின் மனைவி அனஸ்ரேசியா வழக்கமான நேரத்துக்கு இறக்கிய சிவப்பரிசிச் சோறு நடுவில் கல்லுப்போல் இருந்தது. பருப்பு அவியவே இல்லை. தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் கொதித்தது, ஆனால் போதிய சூடு ஏறவில்லை. மிக்சர் பைகள் தாமாகவே ஊதி, குசினித் தட்டில் சின்னத் தலையணைகள்போல் கிடந்தன. பஸ் ஓட்டுநரான அருட்செல்வத்துக்குச் சவரம் செய்யும்போது மூக்கால் இரத்தம் வந்தது. அவர் அரிசியைக் குறை சொன்னார், மனைவி அடுப்பைக் குறை சொன்னாள். புது அடுப்பு ஒன்று வாங்கி, அதுவும் சரிவராமல் போன பிறகுதான் வேறு காரணம் தேடினார்கள்.

காரணம் ஹோலில் செற்றியில், அந்தப் பழைய சோபாவில், படுத்திருந்தது. அவர்களுடைய ஒரே மகள் நிலூஜா, வயது இருபத்துநாலு, ஸ்டோவ்னரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள், கிழமைக்கு ஒரு மாலை ஸ்பானிய மொழி வகுப்புக்குப் போனாள். எக்குவடோரின் தலைநகரான கீட்டோவில் மலிவான, நல்ல தங்குவிடுதி ஒன்றை அவள் முந்தின வருடத்து வசந்தத்திலிருந்து இணையத்தில் தேடிக்கொண்டிருந்தாள். பழைய தேவாலயங்களும் ஒடுங்கிய தெருக்களும் உள்ள அந்த நகரம் மலைகளுக்கு நடுவே சரியாக அந்த உயரத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு விடுதியைப் பற்றியும் அவள் வாசித்து முடிக்க முடிக்க வீடு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கிறது. வீட்டுக்குள் நடக்க மூச்சு வாங்கியதை எல்லாரும் வயதின் கணக்கிலும் குளிரின் கணக்கிலும் போட்டுவிட்டார்கள்.

அவளுக்கு அந்தத் தேடல் வந்த விதத்தையும் சொல்லவேண்டும். அவர்களுடைய ஊரான ஊர்காவற்றுறைப் பக்கத்துச் சனங்களில் ஒருவரும் எந்த நாட்டுக்குப் போனாலும் காசு கொடுத்துப் படுப்பதில்லை. பாரிசில் ஒரு பெரியம்மா இருப்பா, ரொறன்ரோவில் ஒரு சித்தப்பா இருப்பார், உறவு இல்லாத ஊருக்குப் போவதில்லை. ஒஸ்லோவில் அந்த வேலையை அருட்செல்வத்தின் வீடு செய்தது. அகதி முகாமிலிருந்து வந்தவர்கள், கலியாணத்துக்கு வந்தவர்கள், பிள்ளைகளின் முதல் நன்மைப் பூசைக்கு வந்து அடுத்த நத்தார்வரை நின்றவர்கள், விசாவுக்காகக் காத்திருந்தவர்கள், எல்லாரும் படுத்தது நிலூஜாவின் கட்டிலில். அவளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது முதன்முதலில் "பிள்ளை செற்றியிலை படுக்கும்" என்று அம்மா சொன்னாள். அதன் பிறகு அதைச் சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. வாசலில் பெட்டி உருளும் சத்தம் கேட்டால் நிலூஜா தன் தலையணையை எடுத்துக்கொண்டு தானே ஹோலுக்கு வந்துவிடுவாள். முதியோர் இல்லத்தில் நாள் முழுவதும் பிறருடைய கட்டில்களை விரித்துவிட்டு வந்து, தனக்கென்று ஒன்றில்லாமல் படுத்தாள். உறவினர் எவருக்கும் தெரியாத மொழி என்பதால் ஸ்பானிய மொழியைத் தேர்ந்தாள். வகுப்பில் ஆசிரியை காட்டிய படங்களில் ஒன்றில், கீட்டோவின் பழைய நகரத்து விடுதி அறையில், வெள்ளை விரிப்புப் போட்ட ஒற்றைக் கட்டில் ஒன்று யன்னலோரம் வெறுமையாக இருந்தது. அதில் ஒருவரும் படுத்திருக்கவில்லை என்பதை அவள் அன்றைக்கு வீட்டுக்கு வரும்வரை நினைத்துக்கொண்டு வந்தாள்.

அவள் விசயத்தைச் சொன்னபோது அனஸ்ரேசியா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"காசு குடுத்துப் படுக்கிறதோ? ஏன், அங்கை எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?"

"இல்லை அம்மா. அதுதான் போறன்."

"விசர்க் கதை கதையாதை. இல்லாமல் இருக்காது, விசாரிக்கேல்லை."

அருட்செல்வம் விசாரித்தார். பாரிசுக்குப் போன் எடுத்தார், பாரிஸ் ரொறன்ரோவுக்கு எடுத்தது, ரொறன்ரோ மன்னாருக்கு எடுத்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு, பெரு நாட்டின் லீமா நகரத்தில் முந்தி ஒரு தமிழ்ப் பாதிரியார் இருந்தவர் என்றும், இப்போது இல்லை என்றும், ஆனால் அவருடைய குசினிக்காரர் நல்ல மனுசன் என்றும் தகவல் வந்தது. "லீமா கிட்டத்தானே, அங்கை நிண்டு பஸ்ஸிலை போகலாம்" என்றார் அருட்செல்வம். அவர் பஸ் ஓட்டுபவர் என்பதால் அதை மறுத்துப் பேச வீட்டில் ஆளில்லை. நிலூஜா கணினிக்குத் திரும்பினாள்.

அவள் எதையும் ஒழுங்காகச் செய்பவள், செய்து முடித்ததை நம்பாதவள். சான் பிரான்சிஸ்கோ சதுக்கத்துக்குப் பக்கத்து விடுதி நல்லது என்று பத்துப் பேர் எழுதியிருந்தால், விடியற்காலை மணியோசையில் தூங்க முடியவில்லை என்று எழுதிய பதினோராவது ஆளின் குறிப்பை இரண்டு தடவை வாசித்தாள். புதிய நகரத்து விடுதிகளில் பாட்டும் குடியும். மலைச்சரிவில் ஒன்று மிகவும் துப்பரவு, ஆனால் இருட்டினால் அந்தத் தெருவால் நடக்கக்கூடாது. ஒன்றில் சுடுதண்ணீர் காலை ஏழு மணிவரைதான். இன்னொன்றில் மூட்டைப்பூச்சி இருந்ததாக 2003இல் ஒருவர் எழுதியிருந்தார், பிறகு ஒருவரும் எழுதவில்லை. இல்லாமல் போனதா, எழுதாமல் விட்டார்களா என்று தெரியாமல் அதையும் விட்டாள். இரவு வேலைக்கு ஆள் கிடைக்காத கிழமைகளில் இரட்டை வேலை செய்துவிட்டு வந்து, கண் சொருகச் சொருக இதைப் பார்த்தாள். இப்படித்தான் வீடு ஏறி முடிந்தது.

வீடு ஏறியபின் வந்த முதல் விருந்தாளி லூர்து. அனஸ்ரேசியாவின் அண்ணன், பாரிசில் கடை வைத்திருப்பவர். வழக்கம்போல் வரும் திகதியைச் சொன்னார், போகும் திகதியைச் சொல்லவில்லை. வாசலில் பெட்டியை வைத்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரவு முழுவதும் தலையிடி, காலையில் வாந்தி.

"தங்கச்சி, உன்ரை வீட்டிலை காத்தே இல்லை."

"யன்னல் திறந்துதானே கிடக்கு அண்ணை."

"யன்னல் திறந்தென்ன, காத்துக்கு வர விருப்பமில்லை. என்னைச் சந்திரகுமாற்றை வீட்டை கொண்டுபோய் விடச் சொல்லு உன்ரை மனுசனை."

ஒஸ்லோவின் இன்னொரு பகுதியான மோர்டென்ஸ்ருட்டில் இருந்த அந்தச் சந்திரகுமார் தூரத்து உறவு. லூர்து அங்கே போய் இறங்கியதும் தலையிடி மாறியது, இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். கதை அவருக்கு முன்னரே பாரிசுக்குப் போய்விட்டது. அதன் பிறகு குரோருட்டுக்கு ஒருவரும் பெட்டியோடு வரவில்லை.

வீட்டுக் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவர் ஹல்வோர் என்ற நோர்வேக்காரர் காற்றழுத்தமானி ஒன்றோடு வந்து, வாசலுக்கு வெளியே ஒருதரமும் உள்ளே ஒருதரமும் பார்த்தார். கூட்டம் வைத்துப் பேசினார்கள். கட்டடத்தின் வெளி உயரத்துக்குத்தான் விதி இருக்கிறதே தவிர உள்ளுயரத்துக்கு இல்லை என்றும், பக்கத்து வீடுகளுக்கு இடைஞ்சல் இல்லாதபடியால் சங்கம் எதுவும் செய்வதற்கில்லை என்றும் முடிவாயிற்று. அனஸ்ரேசியா பெரிய பிரஷர் குக்கர் ஒன்று வாங்கினாள். மூன்று பேரும் சில கிழமைகளில் மூச்சுக்குப் பழகிக்கொண்டார்கள்.

அந்தப் பனிக்காலம் நிலூஜா தன்னுடைய கட்டிலில் படுத்தாள். யன்னலோரம், கதவைச் சாத்திக்கொண்டு. வேலையால் வந்து உடுப்பு மாற்றாமலே விழுந்து கிடக்கும் நாட்களில்கூட ஒருவரும் கதவைத் தட்டவில்லை. ஆனால் குசினியில் அம்மா ஏழு பேருக்குச் சமைத்து, நாலு பேருடையதைப் பெட்டிகளில் போட்டுக் குளிரூட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஞாயிறு பூசை முடிந்து ஆட்கள் கூடி நிற்கும்போது, "வாங்கோவன்" என்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள். கடைசியில் ஒருநாள் மகளிடம் வந்தாள்.

"நீ ஏதோ ஒண்டைப் பிடிச்சுக் காசைக் கட்டு பிள்ளை. தேடுறது நிண்டா வீடு இறங்கும். ஆக்கள் வராத வீட்டிலை என்னெண்டு இருக்கிறது?"

"பாக்கிறன் அம்மா. இன்னும் சரியா ஒண்டும் அம்பிடேல்லை."

அது பாதிப் பொய். மூன்று விடுதிகள் அம்பிட்டிருந்தன. ஒன்றில் காசைக் கட்டினால் தேடல் முடியும், வீடு இறங்கும், பெட்டிகள் உருளும், அவள் செற்றிக்குப் போவாள். கட்டாமல் இருந்தால் கட்டில் அவளுடையது, ஆனால் கீட்டோவுக்குப் போகமாட்டாள். தான் நியாயமில்லாமல் நடக்கிறேனோ என்று நினைத்தாள், அம்மாவும்தான் நியாயமில்லாமல் கேட்கிறாவோ என்றும் நினைத்தாள். இரண்டையும் நினைத்துக் களைத்து, மூன்று விடுதிகளிலும் குறை கண்டுபிடித்தாள். மாசியிலும் பங்குனியிலும் அவள் தேடியது குறைகளைத்தான்.

சித்திரையில் ஹல்வோரின் மருமகன் ஸ்தியான் வந்தான். பனிச்சறுக்கு ஓட்டப் போட்டிக்காரன், வாசலுக்குக் குனிந்து வந்த உயரம். மலையில் தூங்கிப் பள்ளத்தில் ஓடினால் இரத்தம் பலக்கும் என்பது அந்த ஓட்டக்காரர்களின் கணக்கு. அதற்காகப் பணக்காரர் வெளிநாட்டு மலைகளுக்குப் போகிறார்கள், அவனுக்கு வசதியில்லை. இந்த வீட்டில் ஒரு கட்டிலை வாடகைக்குத் தருவீர்களா என்று மெல்லக் கேட்டான். வாடகை என்ற சொல்லில் அனஸ்ரேசியாவின் முகம் சிவந்தது.

"வீட்டை வந்த பிள்ளையிட்டை காசு வாங்கிறதோ? சாப்பிட்டியோ எண்டு கேள் முதல்" என்று மகளிடம் சொன்னாள். நிலூஜா நோர்வே மொழியில் கேட்டாள். அவன் இல்லை என்றான். பிட்டும் மீன்குழம்பும் வந்தன. அவன் கண்ணீரும் மூக்குநீரும் வழிய மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான். வைகாசிக்குள் அவனைவிட ஹோல் நிலத்தில் இரண்டு ஓட்டக்காரர்கள், குசினி வாசலில் மெத்தை போட்டு ஒருவன். காலுக்கு நீளம் போதாமல் ஸ்தியானால் செற்றியில் படுக்க முடியாதென்று முதல் நாளே தெரிந்துபோயிற்று. அம்மா நிலூஜாவை ஒருதரம் பார்த்தாள், அவ்வளவுதான். நிலூஜா தலையணையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அன்றைக்கே அவள், விடியற்காலை மணியோசை உள்ள சான் பிரான்சிஸ்கோ சதுக்கத்து விடுதியில் காசைக் கட்டினாள். குறை பார்க்கும் தென்பு அவளிடம் இருக்கவில்லை. "எனக்கு ஃபேரியே கிடைச்சிட்டுது, ஆடியிலை போறன்" என்று மட்டும் சொன்னாள். வேலையிடத்து விடுமுறைக்கு அவள் எப்போதும் நோர்வேச் சொல்லைத்தான் பாவித்தாள். அனஸ்ரேசியா பழைய பானையில் சோறு வைத்துப் பார்த்தாள், அது கல்லாகவே இருந்தது. வீடு இறங்கவில்லை. ஆனால் அதைப்பற்றி அவள் பிறகு கேட்கவுமில்லை. ஏழு பேருக்குச் சமைக்கவேண்டியிருந்தது.

கீட்டோவில் விமானத்தால் இறங்கியவர்கள் விடுதிப் படிகளில் உட்கார்ந்து மூச்சு வாங்க, நிலூஜா பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரே மூச்சில் மேலே போனாள். அறையில் நாலு கட்டில்கள், அடுக்குக்கட்டில்கள். அவளுக்குக் கொடுத்தது யன்னலோரத்துக் கீழ்க்கட்டில். விரிப்பு வெள்ளை இல்லை, பலதரம் தோய்த்த ஒரு மஞ்சள். அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு டென்மார்க்குப் பெண் உள்ளே வந்தாள். உயரம் பிடிக்காமல் முகம் வெளிறியிருந்தது. மேல்கட்டிலைக் காட்டி, ஏற முடியாது, மாற்றிக்கொள்ளலாமா என்று அரைகுறை ஸ்பானிய மொழியில் கேட்டாள். நிலூஜாவின் கை தானாகத் தலையணைக்குப் போனது. அதைத் தட்டிச் சரியாக்கி, இருந்த இடத்திலேயே வைத்தாள். பிறகு, வகுப்பில் படித்த மொழியில், வினைச்சொல் சரியோ என்ற சந்தேகத்தோடு, இது என்னுடைய கட்டில் என்று சொன்னாள். அந்தப் பெண் கோபிக்கவில்லை. கீழே போய் விடுதிக்காரியிடம் கேட்டு வேறு அறையில் கீழ்க்கட்டில் வாங்கிக்கொண்டாள். நிலூஜா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, விடிய மணிகள் அடித்து ஓய்ந்ததும் தெரியாமல், மறுநாள் மத்தியானம்வரை தூங்கினாள்.

திரும்பி வந்த அந்தக் கோடையிலேயே ஸ்டோவ்னரில் ஒற்றைக் கட்டில் மட்டும் கொள்ளும் சிறிய அறை ஒன்றை எடுத்துக்கொண்டாள். அம்மா ஒரு கிழமை கதைக்கவில்லை, அடுத்த கிழமை சோற்றுப்பெட்டிகள் கொடுத்துவிட்டாள். குரோருட் வீட்டில் சறுக்கு ஓட்டக்காரர்கள் வந்து வந்து போகிறார்கள். லூர்துவும் பழகிவிட்டார்; முதல் நாள் மோர்டென்ஸ்ருட்டில் நின்று, மறுநாள் மெல்ல ஏறி வருகிறார். அந்தக் கட்டடத்துக்குப் புதிதாகக் குடிவருபவர்களுக்குக் குப்பை அறையையும் உடுப்புத் தோய்க்கும் அறையின் முறைநாட்களையும் காட்டும்போது, மூன்றாம் மாடி இடப்பக்க வீட்டுக்குப் போனால் வாசலில் கொஞ்சம் நின்று மூச்செடுத்து உள்ளே போகும்படியும் ஹல்வோர் சொல்லிவைக்கிறார்.