நேரான சுண்டுவிரல்

“ரெண்டு பேரையும் சேத்து வைக்கணும் தம்பி,” என்றார் பெரியவர். ஸ்டுடியோவில் தினமும் காதில் விழும் சொல்தான். ஒரு படத்திலிருந்து ஆளை வெட்டி இன்னொன்றில் ஒட்டுவதற்கு எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். இவர் சொன்ன விதம் மட்டும் பஞ்சாயத்துக்கு வந்தவர் போலிருந்தது.

கைபேசியில் இரண்டு படங்களைக் காட்டினார். மூத்த மகன் தன் வீட்டு வாசலில், இளையவன் தன் பட்டறையில். ஆறு வருஷமாக ஒருவர் முகத்தில் ஒருவர் முழிப்பதில்லை.

“அம்மாக்காரிக்கு இதயத்துல ஆபரேஷன். இவனுங்க ஒண்ணா நின்னு பாத்தாத்தான் கையெழுத்துப் போடுவேங்கிறா. வெள்ளிக்கிழமையத் தாண்டக் கூடாதுங்கிறார் டாக்டர். கெஞ்சிக் கெஞ்சி என் நாக்கு தேஞ்சு போச்சு.”

இளையவன் மேல் ட்யூப்லைட்டின் நீலம், மூத்தவன் மேல் மாலை வெயில். நீலத்தைக் குறைத்தேன், வெட்டிய விளிம்புகளை மழுக்கினேன். அப்படியும் இருவரும் வேறு வேறு பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் போலவே நின்றார்கள். என் புத்தி சும்மா இருக்குமா? என் கையை நாற்காலி முதுகில் வைத்துப் படமெடுத்து, மூத்தவனின் சட்டைக் கையோடு பொருத்தி, தம்பியின் தோளில் போட்டேன். விரல்களுக்கடியில் நிழலும் தீட்டினேன். பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வியாழக்கிழமை காலை நான் கடை திறக்கும்போதே வாசலில் நின்றிருந்தார். கையில் நான் படத்தைப் போட்டுக் கொடுத்த கவர்.

“பாத்ததும் சிரிச்சா தம்பி. தடவிக்கிட்டே இருந்தா. அப்புறம் கேட்டா, இது யாரு கைன்னு.”

கவரிலிருந்து படத்தை உருவிப் பார்த்தேன்.

“பெரியவனுக்குச் சுண்டுவிரல் கோணல். குழந்தையில அவதான் தெரியாம கதவுல வச்சு நசுக்கிட்டா. இன்னிக்கும் அதச் சொல்லி அழுவா. இதுல நேரா இருக்கு.”

“கோணலாக்கித் தந்துடட்டுமா ஐயா?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் வெட்கமாக இருந்தது.

“வேணாம். கைய எடுத்துடச் சொல்றா. எம் புள்ளைங்க எப்படி நிக்கிறாங்களோ அப்படியே காட்டுங்கிறா.”

“கையெழுத்து?”

“பேனாவ வாங்கித் தலகாணிக்கு அடியில வச்சிருக்கா. போடுவேன்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல.” நாளைக்கு வெள்ளி என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

கையை எடுத்தேன். ஒரே சொடுக்கில் போய்விட்டது. ஆனால் நிழலைத் தனியாக வைக்காமல் அவசரத்தில் தம்பியின் சட்டையோடு கலந்து சேமித்திருந்தேன். அது அப்படியே தங்கிவிட்டது.

“இதையும் அழிச்சிடறேன்,” என்று மௌஸை நகர்த்தினேன். பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். திரையில் அண்ணனும் தம்பியும் தள்ளித் தள்ளி நின்றார்கள். தம்பியின் தோளில், யாரும் வைக்காத நான்கு விரல்களின் நிழல் இருந்தது.