பார்த்தேன், சரி

அந்த அலுவலகத்தில் எந்தக் காரியமும் ஒற்றை ஆளால் நடக்காது. ஒருவர் எழுத வேண்டும், இன்னொருவர் பார்க்க வேண்டும். மென்பொருளில் ஒரு வரியை மாற்றினாலும் சரி, மேசைக்கு ஒரு விளக்கு வாங்கினாலும் சரி, எழுதியவர் அனுப்பியது பார்ப்பவரின் கைபேசியில் வந்து காத்து நிற்கும். அதன் அடியில் ஒரு பச்சைப் பொத்தான். 'பார்த்தேன், சரி' என்று அதில் எழுதியிருக்கும். அதை அழுத்தினால்தான் எதுவும் நகரும். பணம் செலுத்தும் செயலியை நடத்துகிற நிறுவனம், அதனால் இவ்வளவு கெடுபிடி. இங்கே ஒருவர் கண்ணயர்ந்தால் எங்கோ ஆயிரம் பேர் கடைவாசலில் பையும் கையுமாக நிற்பார்கள்.

இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவள் அவள்தான். பதினோரு வருடத்துக்கு முன்னால் பொத்தானில் என்ன எழுதுவது என்று ஒரு பெரிய விவாதமே நடந்தது. 'ஒப்புதல்' என்று போட்டால் எல்லாரும் படிக்காமல் அழுத்துவார்கள், 'பார்த்தேன்' என்று போட்டால் பொய் சொல்லக் கொஞ்சமாவது விரல் கூசும் என்று அவள் விடாப்பிடியாக நின்று ஜெயித்தாள். அழுத்திய பிறகு எவரும், அவளே ஆனாலும், ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாதபடி பூட்டும் போட்டாள். அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது. மனிதர்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை வைக்கிற வயது.

இப்போது நாற்பத்தாறு. பொறியியல் பிரிவு முழுவதற்கும் தலைவி, கீழே நானூறு பேர். அவள் சொந்தக் கையால் ஒரு வரி மென்பொருள் எழுதி ஆறு வருடம் ஆகிறது. காலையிலிருந்து கூட்டம், கூட்டத்துக்கு முன்னால் அதற்கு ஆயத்தமாக ஒரு கூட்டம், நடுவில் கிடைக்கும் இடுக்குகளில் பச்சைப் பொத்தான். நாளொன்றுக்கு அறுபது, எழுபது வரும். லிஃப்டில் அழுத்துவாள், பல் தேய்த்தபடி அழுத்துவாள். "உன் கட்டைவிரலுக்குத் தனியா ஒரு சம்பளம் கேளு" என்பார் கணவர். மகளோ விஷயத்தைப் புரிந்து வைத்திருந்தாள். அம்மா கைபேசியில் மூழ்கியிருக்கும்போது எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்து விழும். நீச்சல் வகுப்பிலிருந்து நின்றுகொள்ளும் கடிதத்தில் அப்படித்தான் வாங்கிக்கொண்டு போனாள். ஒரு மாதம் கழித்து அது தெரிய வந்தபோது அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

போன சனிக்கிழமை நடந்தது இது. செயலியில் பணம் செலுத்தினால், வங்கி பதில் சொல்லும்வரை அது முப்பது வினாடி பொறுத்திருக்கும். அந்த அளவு குறித்திருந்த இடத்தை மாற்றி வேறோர் இடத்தில் எழுத வேண்டியிருந்தது. வேலை அவ்வளவுதான். எழுதியவர் ஆமை. முப்பதில் ஒரு பூஜ்யம் விழாமல் மூன்றாகிவிட்டது. வங்கிகள் வாயைத் திறக்கும் முன்பே செயலி பொறுமையிழந்து, எல்லாருக்கும் 'தோல்வி' என்று காட்டியது. நாற்பது நிமிடம். கடைகளில் கூட்டம் நெரிந்தது, வசவு காதைப் பிளந்தது. மளிகைப் பையை அப்படியே விட்டுவிட்டு வெறுங்கையோடு போனவர்கள் எத்தனையோ பேர்.

ஆமை என்பது பட்டப்பெயர். அலுவலகமே அவரை அப்படித்தான் சொல்லும், அவரும் சிரித்துக்கொள்வார். ஒரு வரி எழுதிவிட்டு ஒன்பது தடவை பார்க்கிற மனிதர். இருபத்தொரு வருடத்துக்கு முன்னால் இருவரும் வேறொரு நிறுவனத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வேலைக்குச் சேர்ந்தார்கள். இங்கே வந்தபோது கையோடு அவரையும் அழைத்து வந்தாள். அவளுக்கு அவர் 'அண்ணே'. அவருக்கு அவள் நாலு பேர் முன்னால் 'மேடம்', தனியாக இருந்தால் 'அம்மா'. வயது ஐம்பத்திரண்டு. கல்யாணமாகிப் பதினான்கு வருடம் கழித்துப் பிறந்த இரட்டைப் பிள்ளைகளுக்கு எட்டு வயது. அந்த வாரம் இருவருக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல். மனிதர் இரண்டு ராத்திரி கண்ணை மூடவில்லை. அதனால் அந்த ஒரு தடவை, ஒன்பது முறை பார்க்கவில்லை. எப்படியும் மேடம் பார்ப்பாரே என்று அனுப்பிவிட்டார்.

மேடம் அப்போது பல் மருத்துவரின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். அனுப்பியவர் பெயரைப் பார்த்தாள். ஆமை எழுதியதில் பார்க்க என்ன இருக்கிறது என்று அழுத்தினாள். இரண்டு கண்ணுக்கு நான்கு கண்ணாக இருக்கட்டும் என்று செய்த ஏற்பாட்டில், கடைசியில் ஒரு கண்கூட விழித்திருக்கவில்லை.

திங்கட்கிழமை முதலாளி கூப்பிட்டார். முப்பத்துநான்கு வயது. எதிரில் 'சார்', முதுகுக்குப் பின்னால் 'தம்பி'. இப்படி ஏதாவது நடந்தால் எழுதுகிற அறிக்கையில் யார் பெயரும் வராது, 'ஒரு பொறியாளர்' என்று மட்டும் போடுவார்கள். பெயர் போட ஆரம்பித்தால் அடுத்த தடவை எவரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள் என்று அந்த வழக்கத்தையும் அவள்தான் கொண்டுவந்தாள்.

"இந்தத் தடவை பேர் வேணும் மேடம்" என்றார் முதலாளி. "யாரு, என்ன நடவடிக்கை எடுத்தீங்கன்னு எல்லா பேங்க்லயும் கேக்கறாங்க. 'ஒரு பொறியாளர்'னா விடமாட்டாங்க."

"பேர் போட்டா அந்த ஆளோட வேலை?"

"போயிடும். வேற வழியில்ல. எழுதினவரா, பார்த்தவரா, யாருன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. நாளைக்கு நாலு மணிக்கு அறிக்கை பேங்க்குங்களுக்குப் போகணும்."

பார்த்தவர் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

லிஃப்டில் இறங்கும்போதே அவள் முடிவு செய்துவிட்டாள். தன் பெயர்தான். எழுதுகிறவன் தவறுவான் என்பதற்காகத்தானே பார்க்க ஆள் வைப்பது. பயம் வரும் என்று காத்திருந்தாள், வந்ததோ நிம்மதி. வீட்டுக்குப் போய் மூன்று நாள் தொடர்ந்து தூங்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பெரிய தியாகம் செய்கிறோம் என்று நினைத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அதில் பாதி வெறும் அலுப்பு என்பது அவளுக்கே தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஆமையைக் கூட்ட அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினாள். அறிக்கைக்கும் அதே சட்டம்தான்: அவர் எழுத வேண்டும், அவள் பார்க்க வேண்டும்.

"என் பேரைப் போடுங்கண்ணே."

அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார். "எழுதினது நான்மா."

"பார்க்க வேண்டியது நான்."

"நீங்க போயிட்டா இங்க என்ன ஆகும்?"

"வேற யாராவது வருவாங்க. நாற்காலி காலியா கெடக்காது. எனக்கு வேற எங்கயாவது வேலை கெடைக்கும். அம்பத்திரண்டு வயசுல உங்கள யாரு கூப்பிடுவாங்க? பிள்ளைங்களுக்கு எட்டு வயசு. வாதாடாம எழுதுங்க."

அவர் எழுதினார். ஒவ்வொரு விரலாகத் தேடித் தேடித் தட்டினார். மூன்று பக்கம் வந்தது. அவள் அதை அடி முதல் நுனி வரை படித்தாள். இப்படி ஒன்றை உட்கார்ந்து படித்து எத்தனை மாதம் ஆயிற்று என்று நினைவில்லை. கடைசிப் பக்கத்தில் அவள் பெயர் இருந்தது. பார்க்காமல் அனுமதித்ததற்கு முழுப் பொறுப்பு என்று தெளிவாக எழுதியிருந்தார்.

"நல்லாயிருக்கு" என்றாள்.

"நேரமெல்லாம் சரியான்னு ஒரு தடவை பார்த்துட்டு மத்தியானம் அனுப்பறேன்மா" என்றார் ஆமை. அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மத்தியானம் செலவுத் திட்டக் கூட்டம் இழு இழு என்று இழுத்தது. இரண்டு நாற்பதுக்கு அது முடிந்து, அடுத்த அறைக்கு நடக்கிற வழியில் கைபேசியை எடுத்தாள். பத்தொன்பது காத்திருந்தன. அதில் அறிக்கையும் ஒன்று. அதைத்தான் காலையிலேயே படித்தாயிற்றே. பத்தொன்பதையும் அழுத்திவிட்டுக் கைபேசியைப் பைக்குள் போட்டாள்.

நாலு மணிக்குத் தன் இழுப்பறையை ஒழிக்க ஆரம்பித்தாள். தலைவலி மாத்திரை அட்டைகள் ஏழு, ஜோடி தொலைந்த ஒரு காதணி, எப்போதோ மகள் எழுதிக் கொடுத்த பிறந்தநாள் அட்டை. கணவரைக் கூப்பிட்டு, இன்றைக்குச் சீக்கிரம் வந்துவிடுவேன் என்றாள். "ஏன், உடம்பு சரியில்லையா?" என்று பதறினார் அவர். சிரிப்பு வந்தது. கொஞ்சம் அழுகையும் வந்தது.

ஐந்து மணிக்கு முதலாளி தானே தேடி வந்தார்.

"கஷ்டமான முடிவுதான் மேடம். உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு தெரியுது. அத்தனை வருஷப் பழக்கம்."

"இந்த ஆபீஸ்லயா? பதினஞ்சு வருஷம்தான்."

"இல்ல, அவரோட" என்றார் முதலாளி. "அவரும் ரொம்ப மரியாதையா நடந்துக்கிட்டார். கார்டைக் குடுத்துட்டு இப்பத்தான் கெளம்பினார்."

அவள் கைபேசியை எடுத்தாள். அறிக்கையைத் திறந்தாள். முதல் இரண்டு பக்கமும் காலையில் படித்தவைதான். மூன்றாம் பக்கத்தில் அவள் பெயர் எங்கும் இல்லை. மாற்றத்தை எழுதியவரே முழுப் பொறுப்பு என்று இருந்தது, பக்கத்தில் அவருடைய பெயர். அதற்குக் கீழே பச்சை நிறத்தில்: 'பார்த்தேன், சரி. 2.40.' அதற்குப் பக்கத்தில் அவள் பெயர்.

"இத மாத்தணும் சார். இது தப்பு."

"நாலு மணிக்கே போயாச்சு. பூட்டும் விழுந்தாச்சு. நீங்க போட்ட பூட்டு."

"நான் படிக்காம அழுத்திட்டேன்னு பேங்க்குங்களுக்கு எழுதறேன்."

முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதன்முறையாக அவர் முகத்திலும் களைப்புத் தெரிந்தது. "எழுதலாம். பார்க்காம விட்டதுக்கான அறிக்கையவே பார்க்காம விட்டோம்னு எழுதலாம். அப்புறம் இந்தப் பதினோரு வருஷத்துல நீங்க அழுத்தின எதையாவது அவங்க நம்புவாங்களா? கடையையே மூடச் சொல்லுவாங்க மேடம். நானூறு பேரு. அவருக்கும் அதனால வேலை திரும்பி வராது."

அவள் பையை எடுக்காமல், கைபேசியோடு படியிறங்கி ஓடினாள். லிஃப்டுக்குக் காத்திருக்க மனமில்லை.

பேருந்து நிறுத்தத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, இன்னொரு கையில் மேசைத் தடுப்பில் ஒட்டி வைத்திருந்த பிள்ளைகளின் ஓவியம், சுருட்டி ரப்பர் போட்டது. அவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார்.

"எதுக்கண்ணே மாத்தினீங்க?" மூச்சு வாங்கியது அவளுக்கு.

"மனசு கேக்கலம்மா. பூஜ்யத்த விட்டது நான், பேரு மட்டும் உங்களுதா? அதான் மாத்தி அனுப்பினேன்." சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "நெஜத்தச் சொல்லணும்னா, நீங்க திருப்பி அனுப்பிடுவீங்கன்னு நெனச்சேன். திட்டி நாலு வார்த்தை எழுதி அனுப்புவீங்க, நான் மறுபடி உங்க பேரைப் போட்டுருவேன். நம்ம பங்குக்கு நாம சொல்லிப் பார்த்தோம்னு மனசு ஆறிக்கும். ரெண்டு நாப்பதுக்குப் பச்சை வந்துச்சு. கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன்."

"அண்ணே..."

"கோவம்லாம் இல்லம்மா. உக்காந்து யோசிச்சப்ப உங்க பக்கம் நியாயம் தெரிஞ்சுது. நானூறு பேரைப் பார்க்கணும், வீட்டைப் பார்க்கணும், பொண்ணு படிக்குது. என் பேரைப் பார்த்துட்டு மனசைக் கல்லாக்கிக்கிட்டுத்தான் அழுத்தியிருப்பீங்க. எவ்வளவு நேரம் கையில வச்சுக்கிட்டு யோசிச்சீங்களோ. அத நெனச்சப்ப எனக்கே பாவமா இருந்துச்சு."

அவர் அவளுக்கு ஒரு வழி விட்டிருந்தார். பேசாமல் தலையைக் குனிந்துகொண்டால் போதும், அவர் தானாகவே மன்னித்துவிட்டுப் பேருந்தில் ஏறிவிடுவார். அவளுக்கு அந்த வழி வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் இருபத்தொரு வருடமாக அந்த மனிதரிடம் அவள் எதையும் மறைத்ததில்லை.

"படிக்கலண்ணே."

"எத?"

"நீங்க அனுப்பினத. பத்தொன்பது வந்து கெடந்துச்சு. மொத்தத்தையும் அழுத்திட்டேன்."

அவர் அவளைப் பார்த்தார். எழுதி முடித்த வரியைப் பார்ப்பதுபோல நிதானமாக, திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு ஓவியச் சுருளைக் கை மாற்றிக்கொண்டார்.

"படிச்சிட்டுப் பண்ணியிருந்தா தேவலாம்மா" என்றார்.

பேருந்து வந்து நின்றது. அவசரமில்லாமல், மற்றவர்களை முதலில் ஏறவிட்டு அவர் கடைசியாக ஏறினார். பேருந்து முனை திரும்பும்வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

கையில் கைபேசி அதிர்ந்தது. நான்காம் மாடிக்கு இரண்டு மேசை விளக்குகள் வேண்டுமாம். விளக்கின் உயரம், நிறம், கடையின் பெயர், எத்தனை நாளில் வந்து சேரும் என்று ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். அவள் நிறுத்தத்தின் இரும்பு இருக்கையில் உட்கார்ந்து அதை முதல் எழுத்திலிருந்து படித்தாள். முடித்துவிட்டு இன்னொரு முறை படித்தாள்.