அப்பாவை எதிர்க்கரைக்குக் கொண்டுபோனது

சமையல் மேசைக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையளவு இருந்த அந்த சாட்டிலைட் கருவியின் பொத்தானை ரெனே அழுத்திப் பிடித்தாள். விளக்கு சிவப்பாக எரிந்தது. பிறகு பச்சையாகி மினுக்கியது. அவ்வளவுதான். வானத்தில் எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு டப்பாவுக்குச் செய்தி போய், அங்கிருந்து யாரோ ஒரு புண்ணியவானுக்குப் போய், இனி ஹெலிகாப்டர் வந்துவிடும். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கும் அதோடு காற்றில் போயிற்று.

கூடாரத்துக்குள் அப்பா மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். இன்னும் சரியாக விடியவில்லை. ஆறு இருக்குமிடம் சத்தத்தால்தான் தெரிந்தது. அம்மா அவரை மார்போடு சாய்த்துக்கொண்டு முதுகை நீவியபடி, "மெதுவா வெர்ல், மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவருடைய உதடு நீலம் பாரித்துப்போயிருந்தது. அதைப் பார்த்த பிறகு சும்மா கை கட்டி நிற்க ரெனேயால் முடியவில்லை. யாரால்தான் முடியும்?

வாக்குக் கொடுத்தது பிரைஸ் ஊரில், வீட்டுச் சமையலறையில். இருதயம் களைத்துவிட்டது, பனிக்காலத்தைத் தாண்டுவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெர்ல் அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. "செப்டம்பர்ல கிரீன் ஆத்துக்குப் போறோம்" என்றார். "எது நடந்தாலும் அங்கயே நடக்கட்டும். முப்பது வருஷம் சுரங்கத்துக்குள்ள கிடந்தவன் நான். சாகிறப்பவாவது தலைக்கு மேல கூரை இருக்கக்கூடாது. ஹெலிகாப்டர் கிலிகாப்டர்னு எவராவது கூப்பிட்டீங்க, அப்புறம் அவங்க மூஞ்சிலயே முழிக்கமாட்டேன்." அம்மா, லமார் சித்தப்பா, ரெனே மூன்று பேரும் சரி சரி என்று தலையாட்டினார்கள். சமையலறையில் உட்கார்ந்து தலையாட்டுவதற்கு என்ன கஷ்டம்!

இதில் கொடுமை என்னவென்றால், பொத்தானை அழுத்திய கொஞ்ச நேரத்திலேயே அப்பாவுக்கு மூச்சு அடங்கிவிட்டது. எதிர்ப் பாறையின் உச்சியில் வெயில் பட்டு, அந்தச் சிவப்பு மெல்ல மெல்லக் கீழே இறங்கி வரும்போது, அவர் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, "காபி எங்க?" என்று கேட்டார்.

வீட்டில் காபிக்கு இடம் கிடையாது. அவர்கள் போகும் தேவாலயச் சபையில் அதற்கு விலக்கு, அம்மா அதில் கறார். ஆனால் ஆற்றில் குடிக்கிற காபி கணக்கில் வராது என்பது அந்தக் குடும்பத்தின் பழைய ஏற்பாடு. அம்மா கல்யாணமான நாளிலிருந்து ஆற்றங்கரையில் மட்டும் காபிப் பாத்திரம் இருக்கும் திசையைப் பார்க்கமாட்டாள்.

ரெனே கோப்பையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"என்னடி, மூஞ்சி இப்படித் தொங்கிக் கிடக்கு? நான் இன்னும் சாகல" என்றார் வெர்ல்.

"அப்பா, நான் கூப்பிட்டுட்டேன்."

"யாரை?"

அவளால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. கையை மேலே காட்டினாள்.

அப்பா மேலே பார்த்தார். இரண்டு பக்கமும் செங்குத்தாக நிற்கும் செம்பாறைகளுக்கு நடுவே ஒரு கீற்று வானம். அவர் கோப்பையை மணலில் வைத்தார். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து, அந்த நிலைமையிலும் நாற்காலியைத் தானே இழுத்துத் திருப்பிப் போட்டுக்கொண்டு, பாறையைப் பார்த்து உட்கார்ந்தார். ரெனேக்கு அவருடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது.

லமார் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "வேணாம்னு திருப்பிச் சொல்ல முடியாதா அதுல?"

"முடியும் சித்தப்பா."

மூன்று பேரும் அந்த முதுகைப் பார்த்தார்கள். ரெனே கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, "நிறுத்திடவாப்பா?" என்று கேட்டாள். இன்னொரு முறை கேட்டாள். ஒரு நாரை ஆற்றோரச் சேற்றில் நடந்துகொண்டிருந்தது. அப்பா அதைப் பார்த்து, "என்னப்பா, மீன் கிடைக்குதா?" என்று விசாரித்தார். பெற்ற மகளுக்குப் பதில் இல்லை, நாரைக்கு விசாரிப்பு! ரெனேக்கு அழுகை முட்டியது. நாற்பத்தாறு வயதில், பல் மருத்துவமனை வரவேற்பறையில் எத்தனையோ பேருடைய வலியையும் கோபத்தையும் சமாளிக்கிறவள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள்.

அம்மா அவளை மேசைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். இரும்புச் சட்டியில் ரொட்டி மாவை ஊற்றிக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னாள்: "நிறுத்துன்னு உங்கப்பன் வாயால சொல்லலையே, கவனிச்சியா?"

"கோபம்மா. பேசவே மாட்டேங்கறார்."

"கோபம்தான். ஆனா ராத்திரி என் கையை அவன் பிடிச்ச பிடி எனக்குத்தான் தெரியும். இங்க பாரு." மணிக்கட்டைக் காட்டினாள். கன்றிப்போயிருந்தது. "வீறாப்பா ஆயிரம் பேசுவான். அவனுக்கும் பயம் இருக்காதா?"

ரெனே அந்தத் தடத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இன்னொண்ணு. நீ அழுத்தறதுக்கு முன்னாலயே நான் அதைக் கையில எடுத்தேன். கண்ணாடி எங்க வச்சேன்னு தெரியல. அந்தப் பொடி எழுத்து ஒரு எழவும் புரியல. திரும்ப வச்சுட்டேன்." அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். அவளுக்கு இப்படியெல்லாம் பேசிப் பழக்கம் இல்லை. ரெனே அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். ரொட்டி ஒரு பக்கம் கருகியது.

கருவியில் செய்தி வந்தது. வேறொரு இடத்தில் ஒரு ஆளைத் தூக்கிவிட்டுத்தான் வருவார்கள், மதியம் ஆகும். இந்தக் கரையில் இறங்க முடியாது, பாறை நெருக்கிக்கொண்டு நிற்கிறது. எதிர்க்கரையில் சற்றுக் கீழே மணல் திட்டு ஒன்று இருக்கிறது, நோயாளியை அங்கே கொண்டுவர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். முடியும் என்று ரெனே அனுப்பினாள். நிறுத்தச் சொல்லும் பொத்தானின் மேல் ஒருமுறை விரலை வைத்துப் பார்த்தாள். எடுத்துவிட்டாள்.

அந்த நாலைந்து மணி நேரம் போன விதத்தை என்னவென்று சொல்வது? அப்பா நன்றாகத்தான் இருந்தார். கருகாத பக்கமாகப் பார்த்து ஒரு ரொட்டி தின்றார். தம்பியோடு யார் பெரிய மீன் பிடித்தது என்ற பழைய சண்டையை எடுத்தார். பாறை இடுக்கில் ஏதோ குருவி மேலிருந்து கீழே படியிறங்குவது போல் பாட, அம்மாவைக் கையைப் பிடித்து நிறுத்தி, "கேளு" என்றார். ரெனே காபி கொண்டுபோனால் மட்டும் கோப்பையை வாங்கிக்கொண்டு வேறு எங்கோ பார்த்தார். இப்படி ஒரு பகலுக்காகத்தானே அத்தனை தூரம் வந்தது. அந்தப் பகலில் தனக்கு மட்டும் பங்கில்லாமல் போய்விட்டதே என்று அவளுக்கு ஆறவில்லை. போகிறவர் ஆஸ்பத்திரிக்குத்தான் போகட்டும், கோபத்திலேயே போகட்டும், அதற்கு முன்னால் ஒரு சொல், ஒரே ஒரு சொல் தன்னிடம் பேசிவிட்டுப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

வெயில் உச்சிக்கு வந்ததும் அப்பாவுக்கு மறுபடி மூச்சு இரைக்கத் தொடங்கியது. முகம் சாம்பல் பூத்துவிட்டது. கிளம்பிவிடலாம் என்றாள் அம்மா. ரப்பர்ப் படகின் முன்பக்கம் மெத்தையை விரித்து அவரைப் படுக்க வைத்தார்கள். அம்மா மடியில் தலை. லமார் கூடாரங்களைப் பிரித்துத் தன் சின்னப் படகில் ஏற்றிக்கொண்டு பின்னால் வருவதாக ஏற்பாடு.

"துடுப்பு யாரு?" என்று அப்பா தம்பியைக் கேட்டார்.

"ரெனேதான். என் படகையே நான் நேரா ஓட்டினது கிடையாது, தெரியாதா அண்ணே?"

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

லமார் படகைத் தள்ளிவிட்டார். காவி கலந்த பழுப்புத் தண்ணீர். பார்ப்பதற்குச் சோம்பேறி ஆறு, உள்ளே இழுப்பு உண்டு. கடந்து போக வேண்டுமானால் படகின் மூக்கை வரும் தண்ணீருக்கு எதிராகச் சற்றுச் சாய்த்து வைத்துக்கொண்டு இழுக்க வேண்டும். சாய்மானம் தப்பினால் ஆறு தன் இஷ்டத்துக்குக் கொண்டுபோய்விடும். ரெனேக்கு இது பத்து வயதிலிருந்தே தெரியும். ஆனால் இன்றைக்குக் கண்ணில் தண்ணீர். போதாக்குறைக்குப் பாறை வளைவிலிருந்து காற்று வேறு கிளம்பி மூக்கைப் பிடித்துத் திருப்பியது. படகு ஒரு சுற்றுச் சுற்றியது. மணல் திட்டு பக்கவாட்டில் நழுவ ஆரம்பித்தது.

அம்மா குனிந்து அப்பாவிடம் சொன்னாள்: "வெர்ல், அவகிட்ட பேசு. நானும்தான் அந்தப் பொத்தானை அழுத்தப் போனேன். கண்ணாடி கிடைக்கல, அதான்."

அப்பா கண்ணைத் திறந்தார். மனைவியைப் பார்த்தார்.

"நீயுமா?"

"நானும்தான்."

"ஒரே வீட்டுல ரெண்டு துரோகி" என்றார். மூச்சு வாங்கியது. பிறகு தலையைச் சற்றுத் திருப்பி, மகளை, துடுப்புகளை, நழுவிக்கொண்டிருக்கும் கரையை வரிசையாகப் பார்த்தார். அவருடைய முகத்தில் அருவருப்பு தெரிந்தது. யாராவது படகை மோசமாக ஓட்டுவதைப் பார்த்தால் எப்போதும் வருகிற அதே அருவருப்பு.

"யாருடி உனக்குத் துடுப்பு போடச் சொல்லிக்குடுத்தது?"

"நீங்கதாம்பா."

"பொய். நான் சொல்லிக்குடுத்தது இது இல்ல. மூக்கை மேல திருப்பு. இன்னும். கரையைப் பார்க்காதே, தண்ணியைப் பாரு. கழுதை, வலது கையை விடு!"

வலது கையை விட்டாள். மூக்கு திரும்பியது. ஆறு படகை வாங்கிக்கொண்டு குறுக்காகத் தள்ளத் தொடங்கியது. அவள் சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியாது. இரண்டு கையும் துடுப்பில் இருந்ததால் முகத்தைத் துடைக்கவும் முடியவில்லை.

"இழு. சும்மா தடவாதே, இழு." கொஞ்சம் விட்டு, "இடது" என்றார். இன்னும் கொஞ்சம் விட்டு, "இடது கொஞ்சம்."

அவள் இடது துடுப்பைக் கொஞ்சம் அழுத்தினாள். திட்டு நேர் எதிரே வந்து நின்றது.

"இப்ப சரியாப்பா?"

பாறைகளுக்கு மேலே எங்கோ தடதடவென்று சத்தம் கேட்க ஆரம்பித்தது. அது பெரிதாகிக்கொண்டே வந்தது. ரெனே பற்களைக் கடித்துக்கொண்டு வேகமாக இழுத்தாள். அம்மா அப்பாவின் நெற்றியில் கையை வைத்தபடி அசையாமல் இருந்தாள். பிறகு நிமிர்ந்து மகளைப் பார்த்தாள்.

"மெதுவாவே போ ரெனே" என்றாள். "இனிமே அவசரம் இல்ல."

ரெனே கையை நிறுத்தவில்லை. மெதுவாக இழுத்தாள்.

ஹெலிகாப்டரிலிருந்து இறங்கி ஓடிவந்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. முழங்கால் தண்ணீரில் படகுக்குள் சாய்ந்து, அப்பாவின் மார்பில் ஏதேதோ ஒட்டிப் பார்த்தாள். நெஞ்சை அழுத்திப் பார்க்கவா என்று அம்மாவைக் கேட்டாள். அம்மா வேண்டாம் என்று தலையசைத்தாள். அப்படி எதுவும் செய்யக்கூடாது என்று வீட்டிலேயே டாக்டர் முன்னிலையில் வெர்ல் எழுதிக்கொடுத்த சங்கதி அது. அந்தப் பெண் தன் பையைத் திரும்ப மூடினாள். பிறகு தயங்கித் தயங்கி, தங்களுடைய ஹெலிகாப்டர் உயிரோடு இருப்பவர்களுக்குத்தான், இறந்தவரை ஏற்றக்கூடாது என்றாள். ரேடியோவில் ஷெரிப்பின் போலீஸ் அலுவலகத்தோடு பேசினாள். வண்டிப்பாதை ஆற்றுக்கு இறங்கும் துறையிலிருந்து மோட்டார் படகு ஒன்று ஆற்றை எதிர்த்து மேலே வரும், நீங்கள் இங்கேயே காத்திருந்தாலும் சரி, முடிந்தால் ஆற்றோடு இறங்கி அதற்கு எதிரே போனாலும் சரி என்றார்கள்.

"மன்னிச்சுக்கங்கம்மா" என்றாள் அந்தப் பெண். "கொஞ்சம் சீக்கிரம் வந்திருக்கலாம்."

"நீங்க சரியான நேரத்துக்குத்தாம்மா வந்தீங்க" என்றாள் அம்மா. அதை அவள் என்ன நினைத்துச் சொன்னாளோ.

ஹெலிகாப்டர் வெறுமனே கிளம்பிப் போயிற்று. திட்டு முழுக்க மணல் கிளம்பியது. அம்மா அப்பாவின் மேல் கவிழ்ந்து, தன் பெரிய வைக்கோல் தொப்பியால் அவர் முகத்தை மறைத்துக்கொண்டாள். ரெனே படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். இந்த இரைச்சலையா நான் கூப்பிட்டேன் என்று இருந்தது. கூப்பிடாமல் இருந்திருந்தால் அந்தப் பாறைக்குக் கீழே, காபிக் கோப்பையோடு, எல்லோரிடமும் பேசிக்கொண்டே போயிருப்பார். அல்லது விடிகாலையில் மூச்சுக்குத் தவித்தே போயிருப்பார். அதை யார் கண்டது. இனி வாழ்நாள் முழுக்க அதை நினைத்துக்கொண்டிருக்கலாம்.

சத்தம் ஓய்ந்த பிறகு லமாரின் சின்னப் படகு கோணல்மாணலாக வந்து திட்டில் முட்டியது. அவர் கரையிலிருந்தே எல்லாவற்றையும் பார்த்திருந்தார். ஹெலிகாப்டர் யாரையும் ஏற்றாமல் போனதும் புரிந்திருக்கும். அண்ணனின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் தண்ணீரிலேயே நின்றார். அம்மாவைக் கட்டிக்கொண்டார். பிறகு ரெனேயின் பக்கத்தில் வந்து, கேட்கலாமா கூடாதா என்ற குரலில் கேட்டார்.

"அண்ணன் உன்கிட்ட பேசினாரா?"

"திட்டினார் சித்தப்பா."

"என்னன்னு?"

"துடுப்பு போடத் தெரியலன்னு. கழுதைன்னு."

"கழுதைன்னா?"

"ஆமா."

லமார் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பலமாகச் சிந்தினார்.

"அப்ப சரி" என்றார்.

மோட்டார் படகுக்கு எதிரே போய்விடலாம் என்று ரெனே படகில் ஏறி உட்கார்ந்து துடுப்புகளைக் கையில் எடுத்தாள். லமார் இடுப்பளவு தண்ணீர்வரை கூடவே நடந்து வந்து படகைத் தள்ளிவிட்டார். ஆறு மெல்ல இழுத்துக்கொண்டது. பாறைகளின் நிழல் இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை. வெயில் நேராக முகத்தில் அடித்தது. அம்மா தொப்பியை உதறி மணலைத் தட்டிவிட்டு, அப்பாவின் கண்ணில் வெயில் படாதபடி ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.