திரும்பாத உள்ளங்கை

சலூன்காரர் கடையின் பெயர்ப்பலகையைத் துடைக்க ஏறி, ஏணியிலிருந்து விழுந்தார். வலது முன்கையின் இரண்டு எலும்புகளும் முறிந்தன, அதிகம் விலகவில்லை. மருத்துவர் மாவுக்கட்டுப் போட்டு, "பத்து நாள்ல வாங்க. எலும்பு நகர்ந்திருக்கான்னு படம் எடுத்துப் பார்க்கணும்" என்றார்.

வலி விட்டதால் அவர் போகவில்லை. மனைவி மூன்று முறை சொன்னாள். "கட்டுக்குள்ள இருக்கிற எலும்பு எங்க ஓடிப்போகும்?" என்று சிரித்தார்.

ஓடத்தான் செய்திருந்தது.

கட்டைப் பிரித்த பிறகு கை மடங்கியது, நீண்டது. உள்ளங்கை மட்டும் மேல்நோக்கித் திரும்பவில்லை. முடி வெட்ட அது பெரிய இடைஞ்சல் இல்லை. சவரம்தான் படுத்தியது. கையைத் திருப்ப முடியாமல் நாற்காலியைத் திருப்பினார், ஆளின் தலையைச் சாய்த்தார், தானே சுவரோரம் ஒண்டி நின்றார். யாரிடமும் சொல்லவில்லை. பல வருடங்களாக வரும் தபால்காரரின் கழுத்தில் ஒருநாள் ரத்தம் கோடிட்டது. "பரவாயில்ல, விடுங்க" என்று போனவர் பிறகு வரவேயில்லை.

மனைவி அவரை மருத்துவரிடம் இழுத்துப்போனாள்.

"சுண்டுவிரல் பக்கத்து எலும்பு நின்ன இடத்துல நிக்கும். கட்டைவிரல் பக்கத்து எலும்புதான் அதைச் சுத்தி வரும். அதுக்கு வில் மாதிரி ஒரு வளைவு வேணும். உங்களுக்கு அது கோணலா ஒட்டிக்கிச்சு. மறுபடி வெட்டி, தகடு வெச்சு சரிபண்ணணும்."

"முழுசா திரும்புமா?"

"முழுசான்னு சொல்ல மாட்டேன்."

வீடு வரும்வரை மனைவி அவருக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தாள்.

"ரெண்டு திட்டு திட்டிடேன்" என்றார்.

"திட்டினா எலும்பு நேராயிடுமா? பயமா இருக்கா?"

"விழுந்தப்ப பயப்பட நேரமில்ல. இப்ப நாள் குறிச்சு உடைக்கப்போறாங்க."

அன்று மாலையே தபால்காரர் வீட்டுக்குப் போனார். "கை திரும்பலைன்னு தெரிஞ்சும் உங்க கழுத்துல கத்தி வெச்சேன். தப்பு என்னோடதுதான்." தபால்காரர் கழுத்தைத் தடவிக்கொண்டே, "முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றார்.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஐந்து மாதம் முழங்கையை மேசையில் ஊன்றி, கனத்துக்காக ஒரு சுத்தியலைப் பிடித்துக் கையைத் திருப்பித் திருப்பிப் பழகினார். கடைசிவரை கொஞ்சம் குறைவாகவே திரும்பியது. அந்த அளவுக்குத் தக்கபடி கத்தி பிடிக்கக் கற்றுக்கொண்டார். முதல் சவரத்துக்கு இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. காத்திருந்த ஒருவர் பொறுமையிழந்து எழுந்து போனார். சலூன்காரர் நிமிரவில்லை, தாடைக்குக் கீழே மெதுவாகக் கத்தியை இழுத்துக்கொண்டிருந்தார்.