ஏழாம் எண் விண்ணப்பம்

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. வின்னிபெக்கில் பதினெட்டாம் எண் பேருந்தில், பக்கத்து இருக்கையிலிருந்த நண்பன் ரே சொன்னதைத் திருடினேன். சிரிப்புக் கதை மாதிரிதான் ஆரம்பித்தான். பாதியில் அவன் சிரிப்பு நின்றுபோனது. எனக்குக் கையுறைக்குள் விரல்கள் விறைத்தன. வெளியே மைனஸ் இருபத்தெட்டு என்று காரணம் சொல்லலாம். ஆனால் பேருந்துக்குள் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

முதல் தொடக்கம்: "அன்று காலை பனி..." (அடித்துவிட்டேன். கனடாக் கதை என்றால் பனியில்தான் தொடங்க வேண்டும் என்று சட்டமா என்ன?)

இரண்டாம் தொடக்கம்: "சமத்துவம் என்பது..." (இதற்குப் பனியே தேவலை.)

மூன்றாவது பிழைத்தது.

2

ரேயின் முழுப்பெயர் ரெனால்டோ டிமாகுலாங்கன். பிலிப்பைன்ஸிலிருந்து வந்த புதிதில் அந்தப் பெயரில் நாற்பது வேலைகளுக்கு விண்ணப்பித்தான். ஒரு பதிலும் இல்லை. ரே டிக்சன் என்று போட்டு ஒன்றே ஒன்று அனுப்பினான். நான்காம் நாள் போன் வந்தது. அந்த வேலைக்கு அவன் போகவில்லை. அதை மறக்கவும் இல்லை.

பிறகு ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் ஒப்பந்த ஊழியனாகச் சேர்ந்தான். அதன் சமத்துவக் குழுவிலும் இடம் கிடைத்தது. அங்கே அவன் சொன்ன யோசனை இது: விண்ணப்பங்களில் பெயர், ஊர், படிப்பு, பார்த்த வேலை எல்லாவற்றையும் கறுப்பு மார்க்கரால் மறைத்துவிடுவோம், கேள்விகளுக்கான பதில்களை மட்டும் படிப்போம். குழுத் தலைவர் டெர்ரி வீப் நெகிழ்ந்துபோனார். மார்க்கர்கள் பெட்டியாக வந்து இறங்கின.

அந்த முறைப்படி நிரப்பவிருந்த முதல் பதவி, சமத்துவ ஒருங்கிணைப்பாளர். தேர்ந்தெடுக்க மூன்று பேர்: டெர்ரி, சட்டப் பிரிவின் ஒக்சானா, ரே.

3

கூட்டம் தொடங்கும்போது இங்கே சம்பிரதாயமாகச் சொல்வதை டெர்ரி வழக்கம்போல் அட்டையைப் பார்த்து, இந்த மண் கிரீ மக்களும் பிற பூர்வகுடிகளும் வாழ்ந்த மண் என்று வாசித்தார். காபி வந்தது. பிறகு ஏழாம் எண் விண்ணப்பத்தைப் படித்தார்கள்.

"கூட்டத்தில் யார் பேசுகிறார் என்று பார்க்காதீர்கள். பேச வாயெடுத்து நிறுத்திக்கொள்கிறவர்களை எண்ணுங்கள். இரண்டு கை விரல்கள் போதாது."

"அடேயப்பா, எனக்கு உடம்பே சிலிர்க்குது," என்றாள் ஒக்சானா. "நம்ம கூட்டத்துல உட்கார்ந்து பார்த்த மாதிரியே இருக்கு."

"டொராண்டோ ஆளு. அடிச்சுச் சொல்றேன்," என்றார் டெர்ரி. "முனைவர் பட்டம் இல்லாம இப்படி எழுதவே முடியாது."

"பந்தயமா? தோத்தா எல்லாருக்கும் டோனட் வாங்கணும் சார்," என்றான் ரே.

மூவரும் ஒரே மனதாக ஏழாம் எண் என்றார்கள். அந்த எண்ணுக்கு உரிய பெயரை வைத்து ஒட்டியிருந்த உறையை டெர்ரி கிழித்தார்.

"வெர்னா ஃப்ளெட். யாருப்பா இது? பேரே கேள்விப்பட்டதில்லையே!"

மேசைமேல் காபிக் குடுவை வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"நான்தாங்க," என்றார் அதுவரை அவர்களுக்கு ஊற்றிக்கொண்டிருந்த கிரீ பெண். "பதினோரு வருஷமா நான்தான்."*

(* ஒரு வாக்குமூலம். ரே பேருந்திலேயே பெயரைச் சொல்லியிருந்தான், எனக்குத்தான் நினைவில் தங்கவில்லை. முதல் மூன்று பிரதிகளில் அவர் 'காபிக்காரம்மா'. உறைக்குள் ஒரு கோடு போட்டு 'பெயர் பிறகு' என்று எழுதியிருந்தேன். டெர்ரியின் நாய்க்கு மட்டும் பிஸ்கட் என்று பெயர் வைத்திருந்தேன். அந்த நாய் கதைக்குள் வரவே இல்லை. பிரதியைப் படித்துப் பார்த்தபோது எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். பிறகு ரேக்குப் போன் போட்டேன். பெயரை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.)

4

"அட, வெர்னா! பெருமையா இருக்கு! ஆனா பாருங்க..." என்றார் டெர்ரி.

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு:

"அனுபவம்னு ஒண்ணு..."

"மேல்மாடி ஆளுங்ககிட்டப் போய்..."

"உங்க நல்லதுக்குத்தான்..."

(மூன்றையும் அவர் முடிக்கவில்லை. நானும் முடிப்பதாக இல்லை.)

"டெர்ரி, அஞ்சு நிமிஷம் முன்னாடி முனைவர் பட்டம்னீங்க," என்றாள் ஒக்சானா.

"அப்ப யாருன்னு தெரியாதில்ல? எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு இன்னொரு தடவை ஓட்டுப் போடறதுதான் நியாயம்."

"தெரியாம இருக்கறதுக்குத்தானய்யா அத்தனை மார்க்கர் வாங்கினோம்!"

"விதியைத் திருத்திக்கலாம். என் ஓட்டு, வேண்டாம்."

"என் ஓட்டு, வேணும். கொட்டை எழுத்துல எழுதிக்குங்க."

இருவரும் ரேயைத் திரும்பிப் பார்த்தார்கள். அவனுடைய ஒப்பந்தம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அவனை நிரந்தரமாக்கும் தாளில் கையெழுத்திட வேண்டியவர் டெர்ரி.

"நான் வெளிய நிக்கட்டுமா?" என்று கேட்டார் வெர்னா. "இல்ல, இன்னொரு கப் ஊத்தட்டுமா?"

பதிலுக்கு நிற்காமல் அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ரேக்கு எதிரே உட்கார்ந்தார். பதினோரு வருடங்களில் அந்த அறையில் அவர் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

5

முடிவு அ: ரே 'வேணும்' என்கிறான். டெர்ரி கண்கலங்கி வெர்னாவின் கையைக் குலுக்... (எனக்கே கூசுகிறது.)

முடிவு ஆ: வெர்னா கதவை அறைந்துவிட்டு வெளியேறுகிறார். (எழுத்தாளர்களுக்குப் பிடித்த காட்சி. நான் எந்த வேலையையும் அப்படி விட்டதில்லை. அவரை மட்டும் விடச் சொல்வானேன்?)

முடிவு இ: எனக்குத் தெரிந்த உண்மை. "நீ என்னடா சொன்ன?" என்று பேருந்தில் கேட்டேன். ரே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எனக்கு எத்தனை சர்க்கரைன்னு அவங்களுக்குத் தெரியும் அண்ணே. எனக்கு அன்னிக்கு வரைக்கும் அவங்க பேருகூட..."

மணிக்கயிற்றை இழுத்தான். அவன் இறங்க இன்னும் நான்கு நிறுத்தங்கள் இருந்தன. அந்தக் குளிரில் இறங்கி நடந்தான்.

அவன் பதிலை நானே ஊகித்து எழுதியிருக்கலாம். மாட்டேன். அவன் நாற்காலி இனி உங்களுக்கு. வெள்ளிக்கிழமையும் உங்களுக்கே. டெர்ரி பேனாவை நீட்டுகிறார். கீழே இடம் விட்டிருக்கிறேன்.

தாளைக் கையால் மறைத்துக்கொண்டு எழுத முடியாது. வெர்னா எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

வேண்டும் / வேண்டாம்: ____________