ஆருயிர்க் கணவர் ரெய்டுக்கு வருகிறார்

அரியாங்குப்பம் கபடி மைதானத்தில் அன்று மாலை நாலரை மணிக்குச் சிலம்பரசன் செத்துப்போனான். கோட்டைத் தொட்டுக் கும்பிட்டு, எதிரணிக்குள் ஒரு காலை வைத்த நிலையில் செத்தான்.

சொன்னவர் வர்ணனையாளர் செம்மல். "அடுத்து ரெய்டுக்கு வருபவர், பாக்கியலட்சுமி அவர்களின் அன்பு மகனும், பூவிழி அவர்களின் ஆருயிர்க் கணவருமான சிலம்பரசன் அவர்கள்" என்று மூச்சை இழுத்தவர், அதே மூச்சில், "இன்று மதியம் இரண்டு மணியளவில் இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று முடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைதான் கபடி. மற்ற ஆறு நாளும் ஆட்டோவில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டித் தெருத்தெருவாகச் சாவுச் செய்தி சொல்வதுதான் அவர் பிழைப்பு.

மைதானமே புரண்டு சிரித்தது. செத்தவனும் சிரித்தான். சிரித்ததில் 'கபடி கபடி' பாட்டு விட்டுப்போய், நாலு பேர் அவனை அமுக்கினார்கள்.

கூட்டத்தில் நின்ற பூவிழி சிரிக்கவில்லை. தென்னைமரத்தில் கட்டியிருந்த குழாய் அவள் வீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. வீட்டில் மாமியார் தனியாகப் படுத்திருந்தாள். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து முழுசாக மூன்று மாதம்கூட ஆகவில்லை. போன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை.

மேடையில் ஏறினாள்.

"யோவ், அறிவிருக்கா ஒனக்கு? எங்க அத்தைக்கி எதுனா ஆச்சி, அடுத்து ஒம்பேரத்தான் இதுல சொல்லுவேன்!"

"நீதான தங்கச்சி காலைல கேட்ட, எம்பேரையும் சேத்துச் சொல்லுண்ணேன்னு? அம்மா பேரு, பொண்டாட்டி பேருன்னு வரிசையா வந்தா, நாக்கு தானா அங்கதான் போவுது."

அது உண்மை. அதனால் கோபம் இன்னும் ஏறியது. "இப்பவே மாத்திச் சொல்லு!"

செம்மல் மைக்கைப் பிடித்தார். "ஒரு திருத்தம். சற்று முன் காலமானதாக அறிவிக்கப்பட்ட சிலம்பரசன் அவர்கள் நலமாக உள்ளார். நல்லடக்கம் பற்றிய விவரம் பின்னர்..."

பூவிழி மைக்கைப் பிடுங்கினாள். "அத்தே! ஒம்புள்ள நல்லாத்தான் இருக்குது! இளிச்சிக்கிட்டு நிக்குது! போன எடு!"

யாரும் எடுக்கவில்லை. அவள் மேடையிலிருந்து குதித்து ஓடினாள். மைதான வாசல்வரைதான் ஓட முடிந்தது. எதிரே பாக்கியலட்சுமி வந்துகொண்டிருந்தாள், செருப்பில்லாமல், அவிழ்ந்த தலையோடு, இரண்டு பக்கமும் தெருப் பெண்கள் தாங்க. "பாதி வழியில ஒன் கொரலு கேட்டுச்சி," என்றாள் மூச்சு வாங்க. "நம்பல. எங்கே அவன்?"

சிலம்பரசன் மண்ணும் வேர்வையுமாக வந்து நின்றான். அம்மா அவன் முகத்தைத் தடவினாள். காதைத் தடவினாள். பிறகு பளாரென்று அறைந்தாள்.

"நான் என்னாம்மா பண்ணேன்?"

"சிரிச்சியாமே?"

"நல்லா கேளு அத்தே," என்றாள் பூவிழி.

பாக்கியலட்சுமி நேராக மேடைக்குப் போய்ச் செம்மலின் நாற்காலியில் உட்கார்ந்தாள். மைக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கேட்டு வாங்கக் கமிட்டியில் ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை. மிச்ச ஆட்டம் வர்ணனை இல்லாமலே நடந்தது.

செம்மல் ஸ்கோர் நோட்டால் அவளுக்கு விசிறிக்கொண்டே நின்றார். விசிறச் சொல்லி ஒருத்தரும் கேட்கவில்லை, அவரும் நிறுத்தவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. பூவிழி சோடா வாங்கிவந்து அத்தைக்குக் கொடுத்தாள். மீதியை, முகத்தைப் பார்க்காமலே, அந்த ஆள் பக்கம் நீட்டினாள்.

"குடிச்சித் தொலைங்க. வாயத் தெறக்காம."