அப்பாவுவின் அக்டோபர் அட்டை

மழை மூன்று நாளாக விடவில்லை. திருவொற்றியூர்த் தொழிற்சாலையின் மெஷின் அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பரசுராமன் அட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

அந்த வருஷம், ஐம்பத்தைந்தில், கப்பலில் வந்து இறங்கிய கணக்கு மெஷின் அது. சீமையில் எதையெதையோ யோசித்துச் செய்தவர்கள் எண்ணூர்க் கடற்காற்றை யோசிக்கவில்லை. ஈரம் ஏறினால் அட்டை உப்பும். உப்பிய அட்டை மெஷின் வாயில் சிக்கிக் கிழியும். எனவே எஸ்.எஸ்.எல்.சி. தேறி நாற்காலி உத்தியோகத்துக்கு வந்தவன், மழைக்காலத்தில் மேசைமேல் அட்டைகளைப் பரப்பி, பெண்டாட்டி தாயம்மாவின் பழம்புடவைத் துண்டை விரித்து, கரிப்பெட்டியைத் தேய்க்க வேண்டியிருந்தது.

நெருப்பு கூடாது என்பது அந்த அறையின் முதல் சட்டம். சூப்பரிண்டெண்டு ராமசுப்பு அதைச் சிவப்பு மையில் எழுதிச் சுவரில் மாட்டியிருந்தார். கரிப்புகை வாசனை வந்தால் அவரே மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி வெளியே போய்விடுவார். சனிக்கிழமைக்குள் மெஷினிலிருந்து பட்டியல் வந்தாக வேண்டும். எப்படி வந்தது என்பது அவர் காதுக்குப் போகக்கூடாத சங்கதி.

அன்று பெட்டியிலிருந்து ஒரு பொறி தெறித்தது. பதறித் தட்டிவிட்டான். துண்டில் கடுகளவு ஓட்டை. தாயம்மாவிடம் என்ன சொல்வது என்பதுதான் அப்போது அவன் கவலை. கீழே இருந்தவை தொழிலாளிகளின் அட்டைகள், அப்போதுதான் முடிந்திருந்த அக்டோபர் மாதத்துக்கானவை.

ஓர் ஆளுக்கு மாதம் ஓர் அட்டை. நம்பர், வேலைக்கு வந்த நாள், லீவு எல்லாம் அதில் ஓட்டைகள்தாம். மொத்தம் எண்பது வரிசை; எந்த வரிசையில், எந்த உயரத்தில் ஓட்டை விழுகிறதோ அதுவே சேதி. மெஷினுக்குள் அட்டை ஒரு பித்தளை உருளைமேல் ஓடும். மேலிருந்து மெல்லிய கம்பித் தூரிகைகள் அதை உரசும். காகிதம் குறுக்கே இருக்கும்வரை மின்சாரத்துக்கு வழியில்லை. ஓட்டை வந்தால் கம்பி பித்தளையைத் தொடும். மெஷினுக்குச் சேதி தெரிந்துவிடும். புளியந்தோப்பில் தன் தெருக்காரர்களுக்கு இதைப் பரசுராமன் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறான். மனுஷன் மறப்பான், அட்டை மறக்காது என்று முடிப்பான். அது ராமசுப்புவின் வாக்கியம். தெருவரைக்கும் வந்து அவர் கேட்கப்போவதில்லை.

வாய் பிளந்து கேட்டவர்களில் முதல் ஆள் அப்பாவு. பக்கத்து வீடு. அதே தொழிற்சாலையில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறவன். மேஸ்திரி ஆசீர்வாதத்தின் காலைப் பிடித்துப் பரசுராமனை உள்ளே நுழைத்துவிட்டவனும் அவன்தான். இருநூற்று நாற்பது நாள் விடாமல் வந்தவனுக்கு வேலை நிரந்தரம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. பிப்ரவரியிலிருந்து அப்பாவு ஒரு நாள் மட்டம் போடவில்லை. காய்ச்சலோடு வந்து கரி அள்ளியிருக்கிறான்.

டிசம்பர்ப் பட்டியலில் அவன் பெயர் கழித்துக்கட்ட வேண்டியவர்கள் பக்கம் இருந்தது. அக்டோபரில் வேலையை விட்டு நின்றவர். நவம்பரில் புதிதாக வந்தவர் என்றது மெஷின்.

ஆசீர்வாதம் படியேறி வந்து, தினமும் அவனைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார்.

"கண்ணு மறக்கும் மேஸ்திரி. மெஷின் மறக்காது" என்றார் ராமசுப்பு.

பழைய ஆஜர் நோட்டைப் பார்க்கலாமே என்றார் மேஸ்திரி. மெஷினே இருக்கும்போது நோட்டு எதற்கு என்று, அட்டை போட்டு முடித்ததும் அதையெல்லாம் எடைக்குப் போடச் சொன்னவர் ராமசுப்புதான். அப்பாவுவின் அக்டோபரில் ராயபுரத்தில் யாரோ வேர்க்கடலை மடித்து விற்றிருப்பார்கள்.

பரசுராமன் அட்டையைத் தேடி எடுத்தான். அவன் போட்ட ஓட்டைகள் எல்லாம் செங்கல் வடிவில், வெட்டினாற்போல இருந்தன. அறுபத்தோராம் வரிசையில் மட்டும் உருண்டையாக ஒன்று. ஓரம் பழுப்பாகக் கருகியிருந்தது. வேலையை விட்டு நின்றதைக் குறிக்கும் வரிசை அது. கரிப்பெட்டிப் பொறி, அப்பாவு சார்பில் ராஜினாமா கொடுத்திருந்தது.

சொல்லிவிடலாம். சொன்னால் அறைக்குள் நெருப்பு வந்த கதையையும் சொல்ல வேண்டும். மறுநாளே நாற்காலி போய்விடும்.

ராமசுப்பு அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். பழுப்பு ஓரத்தைப் பார்த்தார். பிறகு பரசுராமனைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அறுபத்தொண்ணுல ஓட்டை இருக்கில்ல?"

"இருக்கு சார்."

"அவ்வளவுதான்."

ஆசீர்வாதம் பரசுராமன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவன் அடுத்த அட்டைக்கட்டை எடுத்து அடுக்க ஆரம்பித்தான். ஏற்கெனவே அடுக்கியிருந்த கட்டு அது.

சாயங்காலம் குழாயடியில் அப்பாவு காத்திருந்தான். சண்டைக்கு வந்திருந்தால் பரசுராமனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவனோ குடத்தை நகர்த்தி இடம் விட்டான்.

"நைனா, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. அந்த அட்டய எலி கடிச்சிருந்தா? அதுவும் ஓட்டதானே. நீ போட்டதா, எலி போட்டதான்னு மெஷினுக்கு இன்னா தெரியும்?"

பத்து மாதமாகத் தான் நடத்திய பாடம் முழுவதும் அவன் மண்டையில் ஏறியிருந்தது பரசுராமனுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"எலியெல்லாம் அங்க வராது அண்ணாத்தே."

"அதானே. நீ கீற எடத்துல எலி எப்டி வரும்? சும்மா கேட்டேன்." அப்பாவு குடத்தைத் தூக்கினான். "நாந்தான் எப்பவாச்சும் நின்னுட்டனோ இன்னாவோ. காய்ச்சல்ல நாள் கெழம மறந்துபூட்டேனாட்டம் கீது."

அன்று ராத்திரி தாயம்மா போட்ட சோற்றைப் பரசுராமன் பிசைந்துகொண்டே இருந்தான். ஏன் என்று அவள் கேட்டதற்கு, வயிறு சரியில்லை என்றான்.

காலையில் தொழிற்சாலை வாசலில் தினக்கூலிக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பயல்களோடு பயலாக அப்பாவு நின்றிருந்தான். குமாஸ்தா அப்போதுதான் அவன் பெருவிரலை மையில் அழுத்தி, முதல் நாள் என்று குறித்த புதுச் சீட்டில் உருட்டி எடுத்தார். பரசுராமன் தலையைக் குனிந்து சுவரோரமாக நழுவப் பார்த்தான். அதற்குள் அப்பாவு பார்த்துவிட்டான்.

"ஆபீஸ்காரரு வர்ராரு, வழி வுடுங்கபா."

முழங்கையால் கூட்டத்தை ஒதுக்கி வழி பண்ணினான். பரசுராமனின் வெள்ளைச் சட்டையில் பட்டுவிடாதபடி, மை ஈரம் காயாத விரலைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.